வாட்ஸ்அப்பா, காணொளியா, இணையப் பக்கமா: உணவுத் தகவலைக் கொண்டுசேர்க்க எதைத் தேர்ந்தெடுப்பது?

உணவுப் பாதுகாப்பு பற்றியும் ஊட்டச்சத்து பற்றியும் மக்களுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பு பலரிடம் இருக்கிறது. சுகாதார நிலையம், பள்ளி, தொண்டு அமைப்பு, உணவுப் பாதுகாப்பு அலுவலகம், தனியாகப் பணியாற்றும் உணவியல் ஆலோசகர் என்று யாராக இருந்தாலும் நிலைமை ஏறக்குறைய ஒன்றுதான். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதைச் செய்ய ஓரிருவர்தான் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வேறு வேலை இருக்கிறது. எல்லா ஊடகத்திலும் கணக்குத் தொடங்கிவிடலாம் என்று கிளம்பினால், சில மாதங்களில் எதிலும் ஒழுங்காக எழுத முடியாமல் போகும். எனவே எதை எடுப்பது, எதை விடுவது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுவது நல்லது.

இந்த முடிவை எடுக்கும்போது பெரும்பாலானவர்கள் கேட்கும் கேள்வி, ‘எதில் அதிகம் பேர் பார்ப்பார்கள்?’ என்பது. அது தேவையான கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் வேறு இரண்டைக் கேட்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். நாம் சொன்னதில் பிழை இருந்தால், அல்லது நிலைமை மாறினால், சொன்னதைத் திருத்த முடியுமா? கேட்டவர் நம்மிடம் திருப்பிக் கேள்வி கேட்க வழி இருக்கிறதா?

உணவுத் தகவலைக் கேட்டவர் அன்று இரவே அதன்படி சமைக்கிறார், குழந்தைக்கு ஊட்டுகிறார். அதனால்தான் இந்த இரண்டு கேள்விகளுக்கும் இவ்வளவு கனம். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மாசுபட்ட உணவால் ஆண்டுதோறும் 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள். 4,20,000 பேர் இறக்கிறார்கள். இறப்பவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அரைகுறையாகப் போய்ச் சேரும் ஒரு வாக்கியம் இந்தத் துறையில் உயிரோடு விளையாடக்கூடியது.

சொல்லப்போவது எந்த வகை?

ஊடகங்களை ஒப்பிடுவதற்கு முன் செய்தியைப் பிரித்துக்கொள்வோம். என் பார்வையில் மூன்று வகைகள் உண்டு.

முதல் வகை, அன்றாடப் பாதுகாப்புப் பழக்கங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2001-இல் ஐந்து விதிகளாக இவற்றைச் சுருக்கித் தந்தது: சுத்தமாக இருத்தல், பச்சையானதையும் சமைத்ததையும் பிரித்துவைத்தல், முழுமையாக வேகவைத்தல், பாதுகாப்பான வெப்பநிலையில் வைத்தல், பாதுகாப்பான நீரையும் மூலப்பொருள்களையும் பயன்படுத்துதல். அவற்றைச் சொல்லும் சுவரொட்டி எண்பதுக்கும் மேற்பட்ட மொழிகளில் வந்திருக்கிறது. ஆண்டுகள் பல கடந்தும் இந்த விதிகள் மாறவில்லை, யாருக்கும் பொருந்தும், பெரும்பாலும் கையால் செய்து காட்டக்கூடியவை.

இரண்டாவது, ஊட்டச்சத்து. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, காய்கறியும் பழமும் சேர்ந்து குறைந்தது 400 கிராம் என்று அளவுகளைச் சொல்வது எளிது. ஆனால் அவற்றைக் கடைப்பிடிப்பது வீட்டு வருமானத்தையும், யார் சமைக்கிறார்கள், யார் வாங்கி வருகிறார்கள் என்பதையும் பொறுத்தது. ஒருவருக்கு நல்லது இன்னொருவருக்குக் கெடுதலாகலாம். ஒரு முறை சொல்லிவிட்டால் நடந்துவிடும் காரியமும் இல்லை.

மூன்றாவது, அவசர எச்சரிக்கை. குறிப்பிட்ட பொருளில் நச்சு கலந்திருக்கிறது, இன்ன தயாரிப்புத் தொகுதியை உண்ண வேண்டாம் என்பது போன்றவை. இவற்றுக்கு ஆயுள் குறைவு, வேகம் தேவை, பிழைக்கு விலை அதிகம். 2011-இல் ஜெர்மனியில் ஈ.கோலை கிருமியின் ஓ104 வகை பரவியபோது ஏறக்குறைய 4,000 பேர் நோயுற்றார்கள்; 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மே மாத இறுதியில் ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காய்தான் காரணம் என்று ஹாம்பர்க் அதிகாரிகள் அறிவித்தார்கள். வெள்ளரியில் இருந்தது வேறு வகைக் கிருமி என்பது பிறகு தெரிந்தது. முளைகட்டிய விதைகள்தான் காரணம் என்று ஜூன் 10 அன்றுதான் ஜெர்மானிய அதிகாரிகள் உறுதியாகச் சொன்னார்கள். எகிப்திலிருந்து வந்த வெந்தய விதைகள் வரை தடம் போனது. இடையில் மக்கள் வெள்ளரியை ஒதுக்கிவிட்டு முளைகளைத் தொடர்ந்து உண்ணும் நிலை இருந்தது. விவசாயிகளுக்கு நேர்ந்த இழப்பை ஈடுகட்ட ஐரோப்பிய ஒன்றியம் பணம் ஒதுக்க வேண்டியிருந்தது. முதல் அறிவிப்பைக் கேட்ட அத்தனை பேரையும் இரண்டாவது அறிவிப்பும் எட்டுகிறதா என்பதுதான் இத்தகைய நாள்களில் ஊடகத்துக்கான உண்மையான சோதனை.

வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகள்

பலருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், காரணமும் நியாயமானது. செயலி ஏற்கெனவே கையில் இருக்கிறது. எழுத்து, படம், குரல் எல்லாம் அனுப்பலாம். படிக்கத் தெரியாதவருக்கு ஒரு நிமிடக் குரல் பதிவு போதும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது பதில் வருவதுதான். ‘மிஞ்சிய உணவை மீண்டும் உண்ணும்போது நன்றாகக் கொதிக்க வையுங்கள்’ என்று ஒரு குழுவுக்கு எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். செய்தி சரியானது. சற்று நேரத்தில் ஒரு பெண்மணி கேட்கிறார்: “காலையில் வடித்த சோறு இரவு வரை வெளியிலேயே இருந்துவிட்டது டாக்டர். கொதிக்க வைத்துவிட்டால் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம்தானே?” இந்தக் கேள்வி தங்கத்துக்குச் சமம். பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சமைக்கும்போது அழிவதில்லை. சோறு அறை வெப்பத்தில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கும். அந்த நச்சு கொதிநிலையையும் தாங்கும். கைகளிலிருந்து உணவுக்கு வரும் ஸ்டாஃபிலோகாக்கஸின் நச்சும் அப்படியே. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நச்சு தங்கிவிடும். நம் செய்தியில் ‘இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருந்தால்’ என்ற நிபந்தனை விடுபட்டிருந்தது. அதை நமக்குக் காட்டிக் கொடுத்தவர் அந்தப் பெண்மணி. சுவரொட்டியிலோ தொலைக்காட்சி விளம்பரத்திலோ இந்தக் கேள்வி நம்மிடம் திரும்பி வந்திருக்காது. அந்த வீட்டில் பிள்ளைகள் அந்தச் சோற்றை உண்டிருப்பார்கள்.

இனி குறைகள். அனுப்பிய செய்தியை 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். இரண்டு நாள்களுக்குச் சற்று மேல் வரை எல்லோரிடமிருந்தும் நீக்கலாம். ஆனால் அதற்குள் யாராவது வேறு குழுவுக்கு ஃபார்வர்டு செய்திருந்தால், அந்தப் பிரதி நம் கைக்கு எட்டாது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரு நேரத்தில் ஒரே உரையாடலுக்குத்தான் அனுப்ப முடியும் என்ற கட்டுப்பாட்டை வாட்ஸ்அப் 2020 ஏப்ரலில் கொண்டுவந்தது. வதந்தியின் வேகத்தைக் குறைக்க வந்த ஏற்பாடு அது, வரவேற்கத்தக்கது. ஆனால் நம்முடைய சரியான செய்தியும் பலமுறை பகிரப்பட்டால், வதந்திக்கு விழும் ‘பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது’ என்ற அதே முத்திரையைத்தான் தாங்கி வரும். யார் எழுதியது, எப்போது எழுதியது என்ற விவரம் செய்தியின் உள்ளேயே இல்லாவிட்டால், பார்ப்பவருக்கு உண்மையும் வதந்தியும் ஒரே முகத்தோடுதான் தெரியும்.

வதந்தி எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2016 டிசம்பரில் நைஜீரியச் சுங்கத் துறையினர் லாகோஸில் இரண்டரை டன் அரிசியைக் கைப்பற்றி, அது பிளாஸ்டிக் அரிசி என்று அறிவித்தார்கள். செய்தி உலகெங்கும் பரவியது. சோற்றை உருட்டித் தரையில் எறிந்தால் பந்து போல எழும்புகிறது என்று காட்டும் காணொளிகள் பல நாடுகளில் சுற்றின. மாவுச்சத்து நிறைந்த சோற்றை அழுத்தி உருட்டினால் எழும்பத்தான் செய்யும். அந்நாட்டு உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆய்வு செய்தபோது, அது பிளாஸ்டிக் இல்லை, ஆனால் அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகமான பாக்டீரியா கொண்ட, உண்ணத் தகாத அரிசி என்று தெரிந்தது. உண்மையான ஆபத்து ஒன்று அங்கே இருந்தது. பொய்யான ஆபத்தின் கூச்சலில் அது யார் காதிலும் விழவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

இதற்குள்ளேயே குழுவா, ஒலிபரப்புப் பட்டியலா, சேனலா என்று இன்னொரு தேர்வும் உண்டு. குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். ஒருவர் எண் மற்றவருக்குத் தெரியும். நோய், கர்ப்பம், எடை பற்றிப் பேச வருபவர்களுக்கு அது சங்கடம். ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியலில் 256 பேர் வரைதான். அவர்களும் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்திருக்க வேண்டும். ஆனால் பதில்கள் தனித்தனியாக நமக்கு மட்டும் வரும். சேனலில் ஆள்கணக்குக்குப் பஞ்சமில்லை, ஆனால் அது ஒருவழிப் பாதை. நோயாளிகளோடும் தாய்மார்களோடும் பணியாற்றுபவர்களுக்கு நான் ஒலிபரப்புப் பட்டியலைத்தான் சொல்வேன். எண்ணிக்கை குறைவுதான், கேள்வி கேட்கும் துணிவு அங்கேதான் பிறக்கிறது.

ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் இந்த வழியில் இறங்கக் கூடாது. ஒவ்வாமை பற்றியோ கெட்டுப்போன பால்மாவு பற்றியோ கேட்டவரின் கேள்வி நான்கு நாள் பதிலின்றிக் கிடப்பது, வழியே இல்லாமல் இருப்பதைவிட மோசம். எந்த நேரத்தில் பதில் கிடைக்கும், அவசரமானால் எங்கே போக வேண்டும் என்பதை முகப்பிலேயே எழுதி வைக்க வேண்டும்.

குறுஞ்செய்தியும் குரல் அழைப்பும்

இணையம் இல்லாத போனுக்கும் போய்ச் சேர்வது எஸ்எம்எஸ். ஆனால் இடம் மிகக் குறைவு. ஆங்கில எழுத்துகளில் ஒரு செய்திக்கு 160 இடங்கள் கிடைக்கும். தமிழ் போன்ற எழுத்துகளில் 70 மட்டுமே. அதிலும் ‘கு’ என்ற ஓர் எழுத்து, ககரத்துக்கும் உகரக் குறிக்குமாக இரண்டு இடங்களைப் பிடிக்கும். ‘சமைத்த உணவை 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.’ இந்த ஒரு வாக்கியம் 66 இடங்களை எடுத்துக்கொள்கிறது. ஏன் வைக்க வேண்டும், பெட்டி இல்லாதவர் என்ன செய்வது, எத்தனை நாள் வைக்கலாம் என்பதற்கெல்லாம் மிச்சமிருப்பது நான்கு இடங்கள். தொடர் செய்தியாக நீட்டலாம், செலவும் சேர்ந்து நீளும். நினைவூட்டலுக்கும் அவசர எச்சரிக்கைக்கும் எஸ்எம்எஸ் சிறந்தது, விளக்கத்துக்கு ஆகாது.

இருந்தாலும் இதை வைத்து நல்ல அமைப்பு ஒன்றைக் கட்ட முடியும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சான்று. அங்கே சுகாதாரத் துறை 2014-இல் தொடங்கிய மாம்கனெக்ட் திட்டம், கர்ப்பிணிகளுக்கு மாதத்துக்கேற்ற செய்திகளை எஸ்எம்எஸ் வழியே அனுப்பியது. அதோடு நிற்காமல், தாய்மார்கள் கேள்வியும் புகாரும் அனுப்ப ஓர் உதவி மையத்தையும் அமைத்தது. பின்னர் வாட்ஸ்அப்புக்கும் விரிந்தது. நான் மதிக்கும் பகுதி அந்த உதவி மையம்தான்.

பதிவு செய்த குரல் அழைப்புகள் படிக்கத் தெரியாதவரையும் எட்டும். இந்தியாவில் கில்காரி என்ற திட்டம் கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை வாரம் ஒன்றாக 72 அழைப்புகளை அனுப்புகிறது. எட்டும் தூரத்தில் இதற்கு இணை சொல்வது கடினம். ஆனால் மத்தியப் பிரதேசத்தில் நடந்த ஆய்வில், தாய்ப்பால் மட்டும் கொடுக்கும் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். போன் பல வீடுகளில் கணவரின் சட்டைப் பையில் இருக்கிறது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. காதில் விழுவதற்கும் அடுப்படியில் நடப்பதற்கும் இடையே உள்ள தூரத்தை அழைப்பு மட்டும் கடப்பதில்லை.

காணொளி

கையால் செய்யும் காரியத்துக்குக் காணொளியை மிஞ்ச எதுவும் இல்லை. கைகழுவும்போது விரலிடுக்கில் நுரை போகிறதா, வெப்பமானியின் முனையை இறைச்சியின் தடித்த பகுதியின் நடுவில் எப்படிச் செருகுவது, அங்கே 70 டிகிரி செல்சியஸ் காட்டும்வரை எப்படிப் பொறுத்திருப்பது என்பதையெல்லாம் பத்து வரியில் எழுதுவதைவிடப் பதினைந்து விநாடியில் காட்டிவிடலாம். பச்சை இறைச்சி வெட்டிய பலகையைக் கழுவாமல் அதன்மேலேயே காய்கறி நறுக்கினால் என்ன ஆகிறது என்பதை, நிறமியைத் தடவிக் காட்டினால் பார்த்தவர் மறக்கமாட்டார்.

பார்ப்பவர் வாயால் சொல்வதைவிடக் கையால் செய்வதையே பின்பற்றுவார். ஊட்டச்சத்து பற்றி அருமையாகப் பேசிக்கொண்டே, கோழி இறைச்சியைக் குழாயடியில் தெறிக்கத் தெறிக்கக் கழுவும் சமையல் காணொளிகளைப் பார்த்திருக்கிறேன். தெறிக்கும் நீர், கிருமியைத் தொட்டிக்கும் பக்கத்துப் பாத்திரங்களுக்கும் கொண்டுபோகும் என்பதால் கழுவ வேண்டாம் என்றுதான் பல நாட்டு உணவுப் பாதுகாப்பு அமைப்புகள் சொல்கின்றன. எனவே காணொளி எடுக்கும்போது, பேசும் பொருளோடு சம்பந்தமில்லாத அசைவுகளையும் ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும்.

குறுங்காணொளிக்கும் ஊட்டச்சத்துக்கும் பொருத்தம் குறைவு என்பது என் கருத்து. ஊட்டச்சத்தில் ‘ஆனால்’ என்ற சொல் அடிக்கடி வரும். குறுங்காணொளியில் முதலில் வெட்டப்படுவது அதுதான். ஓர் எடுத்துக்காட்டு: சாதாரண உப்புக்குப் பதிலாகப் பொட்டாசியம் கலந்த, சோடியம் குறைந்த உப்பைப் பயன்படுத்தலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2025 ஜனவரியில் வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்தப் பரிந்துரை குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இல்லை. பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாத சிறுநீரகம் உள்ளவருக்கு அந்த உப்பு இதயத் துடிப்பையே குலைக்கக்கூடும். முப்பது விநாடிக் காணொளியில் ‘உப்பை மாற்றுங்கள், ரத்த அழுத்தம் குறையும்’ என்பது நிற்கும். யாருக்கு ஆகாது என்பது கீழே சிறு எழுத்தில் போய்விடும். ரத்த அழுத்தத்தோடு சிறுநீரகக் கோளாறும் உள்ளவர்கள் எத்தனை பேர் அதைப் பார்ப்பார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் காணொளியை வெளியிட மனம் வராது.

திருத்துவதிலும் சிக்கல். யூடியூபில் ஏற்றிய காணொளியின் ஒரு பகுதியை வெட்டி எடுக்கலாம். அதே முகவரியில் புதிய காணொளியை மாற்றி வைக்க முடியாது. நீக்கிவிட்டுப் புதிதாக ஏற்றினால், பழைய இணைப்பைப் பகிர்ந்தவர்கள் வெறும் கட்டத்தைத்தான் பார்ப்பார்கள். நம் காணொளிக்கு முன்னால் எந்த விளம்பரம் ஓடும் என்பதும் நம் கையில் இல்லை. சர்க்கரையைக் குறைக்கச் சொல்லும் பேச்சுக்கு முன்னால் இனிப்புப் பானம் ஒன்றின் விளம்பரம் வந்து நிற்கலாம்.

காணொளியைத் தனியாக அலையவிடாமல், ஒரு சிறு கூட்டத்தில் போட்டுக் காட்டி நடுநடுவே நிறுத்திப் பேசினால் அதன் பலன் வேறு. ஒடிசாவின் கியோஞ்சர் மாவட்டத்தில் நடந்து, 2021-இல் முடிவு வெளியான ஓர் ஆய்வில், உள்ளூர்ப் பெண்களே தோன்றும் காணொளிகளை மகளிர் குழுக்களில் காட்டி, கலந்துரையாடி, பிறகு வீட்டுக்கும் போய் விசாரித்தார்கள். குழந்தைகள் உண்ணும் உணவு வகைகள் கூடின. குழந்தைகளின் மெலிவு குறைந்ததா என்றால், அது தென்படவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்: நல்ல காணொளியும் நல்ல உரையாடலும் சேர்ந்தால் தட்டில் மாற்றம் வரும், உடலில் மாற்றம் வர அதற்கு மேலும் பல வேண்டும்.

தகவல் படங்கள்

ஒரே படத்தில் எல்லாம் என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. படம் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதற்கு அமெரிக்க உணவு வழிகாட்டியின் கதையே போதும். 1992-இல் ஒரு பிரமிடு வந்தது. 2005-இல் அதை மாற்றி, உணவுகளே இல்லாத வண்ணப் பட்டைகளாக ஒரு பிரமிடு வந்தது. விளக்கம் இல்லாமல் அது யாருக்கும் புரியவில்லை. 2011-இல் அதையும் விட்டுவிட்டு, பாதித் தட்டு காய்கறியும் பழமும் என்று காட்டும் ஒரு தட்டுப் படத்துக்கு வந்தார்கள். உண்பவர் தினமும் பார்க்கும் பொருளே படமானதும் பாதி வேலை முடிந்தது. அளவைக் காட்டப் படம் நல்லது: 5 கிராம் உப்பு என்பதைத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டியாகக் காட்டிவிடலாம்.

ஆனால் வாட்ஸ்அப்பில் போகும் படம் சுருக்கப்பட்டு, சிறு எழுத்துகள் மங்கிவிடும். பார்வையற்றவரின் போன் படத்துக்குள் இருக்கும் எழுத்தை ஒழுங்காகப் படித்துச் சொல்லும் என்று நம்பியிருக்க முடியாது. எல்லாவற்றையும்விட, படத்துக்குத் தேதி இல்லாவிட்டால் மரணமும் இல்லை. மூன்று ஆண்டுக்கு முன் முடிந்துபோன ஓர் எச்சரிக்கை, நேற்று வந்தது போலச் சுற்றிக்கொண்டிருக்கும். படம் அனுப்பினால் தேதியும் அனுப்பியவர் பெயரும் படத்துக்குள்ளேயே இருக்கட்டும். அதே செய்தியைக் கீழே எழுத்திலும் தட்டச்சு செய்யுங்கள்.

இணையப் பக்கம், செயலி, உரையாடி

இணையப் பக்கத்துக்கு ஒரே பெரிய குறை, தானாக யாரும் அங்கே வரமாட்டார்கள். மற்றபடி நான் வைத்த முதல் கேள்விக்கு, அதாவது திருத்த முடியுமா என்பதற்கு, முழுமையாக ஆம் என்று பதில் தருவது இது ஒன்றுதான். ஓர் இடத்தில் மாற்றினால், இணைப்பை வைத்திருக்கும் எல்லோருக்கும் மாறிவிடும். கடைசியாகத் திருத்திய நாள், எழுதியவர், சரிபார்த்தவர், நிபந்தனைகள், விதிவிலக்குகள் என்று எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. தேடுபொறியில் கிடைக்கும். எழுத்தைப் பெரிதாக்கலாம், திரைவாசிப்பான் படிக்கும். பெரிய தளம் தேவையில்லை. ஒரு கேள்விக்கு ஒரு பக்கம், கனமான படங்கள் இல்லாமல், மெதுவான இணைப்பிலும் திறக்கும்படி இருந்தால் போதும்.

சொந்தச் செயலி உருவாக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: வேண்டாம். பதிவிறக்கச் செய்வதே ஒரு போராட்டம். பிறகு ஒவ்வொரு முறை இயங்குதளம் மாறும்போதும் புதுப்பிக்க வேண்டும். பணம் தீர்ந்த அன்று அதுவும் தீரும்.

செயற்கை நுண்ணறிவால் பதில் சொல்லும் உரையாடி ஆசை காட்டுகிறது. இரவு இரண்டு மணிக்கும் பதில் வரும். ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கலாமா என்ற கேள்விக்கு நூற்றில் ஒரு முறை தவறான பதில் வந்தாலும் ஏற்க முடியாது. தேனால் அந்த வயதில் வரக்கூடிய பாட்டுலிசம் என்ற நச்சு நோய் அவ்வளவு கொடியது. மனிதர் எழுதிச் சரிபார்த்த பதில்களை மட்டும் எடுத்துத் தரும்படி கட்டுப்படுத்திய உரையாடி என்றால் ஏற்கலாம். தானாக எழுதுவதை, மேற்பார்வை இல்லாமல், உணவுப் பாதுகாப்புக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன்.

அப்படியானால் எதை எடுப்பது?

ஓரிருவர் மட்டும் உள்ள அமைப்புக்கு என் பரிந்துரை இரண்டே இரண்டு: தேதியிட்ட ஓர் இணையப் பக்கமும், பதில் வரக்கூடிய ஒரு செய்திப் பட்டியலும். பக்கம்தான் மூலம்; பட்டியலில் போகும் ஒவ்வொரு செய்தியும் அதன் இணைப்பைத் தாங்கிப் போக வேண்டும். வரும் கேள்விகளிலிருந்து அடுத்த பக்கம் பிறக்கும். இந்தச் சுழற்சி ஓடத் தொடங்கிய பிறகு, கையால் காட்ட வேண்டிய நான்கைந்து காரியங்களுக்கு மட்டும் காணொளி எடுக்கலாம்.

மக்கள் கையில் இணையம் இல்லாத இடத்தில் குரல் அழைப்பும் எஸ்எம்எஸும் முதலிடத்துக்கு வரும். திருப்பி அழைக்க ஓர் எண் கட்டாயம் வேண்டும். நீங்கள் எட்ட வேண்டியவர்கள் பதின்பருவத்தினர் என்றால், அவர்கள் இருக்கும் இடம் குறுங்காணொளி; அங்கே போகத்தான் வேண்டும். ஆனால் எடை, கலோரி, ‘முன்–பின்’ உடல் படங்கள் ஆகியவற்றைத் தொடாமல் போங்கள். உணவைக் கண்டு அஞ்சும் நோய் அந்த வயதில்தான் பலருக்குத் தொடங்குகிறது. அங்கே பாதுகாப்புப் பழக்கங்களைப் பேசுங்கள். ஊட்டச்சத்தை உரையாடலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பலன் கிடைக்கிறதா என்று பார்ப்பதற்குப் பார்வை எண்ணிக்கையை நம்ப வேண்டாம். வரும் கேள்விகளை ஒரு தாளில் வகைபிரித்து எழுதி வையுங்கள். தொடக்கத்தில் ‘இதைச் சாப்பிடலாமா, கூடாதா’ என்று வரும். சில மாதங்களில் ‘இரண்டு மணி நேரத்துக்குள் வைக்கச் சொன்னீர்கள், மின்சாரம் நான்கு மணி நேரம் நின்றுவிட்டது, உள்ளே இருப்பதை என்ன செய்வது’ என்று வரத் தொடங்கினால், சொன்னதைச் செய்து பார்க்கிறார்கள் என்று பொருள்.

அவசர நாளுக்கான வரிசையை முன்கூட்டியே எழுதி வைப்பதும் இந்தத் தேர்வின் ஒரு பகுதிதான். முதலில் பக்கத்தில் எழுதுங்கள்: பொருளின் பெயர், தொகுதி எண், தேதி, தெரிந்தது, இன்னும் உறுதியாகாதது, உண்டுவிட்டவர் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். பிறகு அந்த இணைப்போடு பட்டியலுக்கு, அதன்பின் எஸ்எம்எஸ். படமாக அனுப்பினால் தொகுதி எண்ணும் தேதியும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். காரணம் வேறென்று தெரியவந்தால், பழைய வாசகத்தைச் சத்தமில்லாமல் அழித்துவிடாமல், என்ன மாறியது என்பதைப் பக்கத்தின் தலைப்பிலேயே எழுதுங்கள். எச்சரிக்கை முடிந்த அன்று, முடிந்துவிட்டது என்ற செய்தியையும் அதே வழிகளில், அதே ஆட்களுக்கு, அதே வேகத்தில் அனுப்புங்கள்.